ஒளிப்பதிவு: ஒன்பதாம் வகுப்பு

எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் அறையின் கண்ணாடி அலமாரியில் ஒரு குறும்படப் போட்டிக் கேடயம் இருக்கிறது. மூன்றாம் பரிசு. பக்கத்தில் சட்டம் போட்ட சான்றிதழ். அதில் ‘ஒளிப்பதிவு’ என்று போட்டு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பெயர். அது பொய். அந்தப் படத்தில் ஒரு ஷாட்டைக்கூட அவள் எடுக்கவில்லை. எடுத்தவன் நான். கதை எழுதியது, எடிட் செய்தது, எங்கிருந்தோ ஒரு புல்லாங்குழல் இசையைத் தேடிப்பிடித்து ஒட்டியது எல்லாம் நான். பள்ளி மாணவர்களுக்கான போட்டி அது. எனக்கு ஐம்பது நெருங்குகிறது.

டெல்டாவில் ஒரு வாய்க்கால் கரையோர அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் நான். 2022-இல் அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பது வரை மாதம் ஒரு சிறார் படம் திரையிடும் திட்டம் வந்தபோது, “சினிமான்னா நம்ம சார்தான்” என்று அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். கட்டினார்கள் என்று சொல்வதுகூடப் பாசாங்கு. நான் தலையை நீட்டிக்கொண்டுதான் நின்றேன். படம் போடுவதோடு நிற்காமல், வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஒன்பதாம் வகுப்புக்குப் படமெடுக்கவும் சொல்லித் தருகிறேன் என்று நானே முன்வந்தேன். துபாயில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் அதைக் கேள்விப்பட்டு கேனன் 1500டி கேமரா ஒன்றை, 18–55 லென்ஸோடு, பள்ளிக்கு வாங்கித் தந்தார். கொடுக்கும்போது, “புள்ளைங்க கையில குடுங்க சார்” என்றார். “வேற யாருக்குப்பா?” என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வாங்கிய கையோடு அதை இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, ஆய்வக பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி என் சட்டைப் பையில்.

வகுப்பு நன்றாகவே நடந்தது, கரும்பலகையில். அபர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றையும் முக்கோணமாக வரைந்தேன். எண் சிறிதானால் துளை பெரிது, எண் பெரிதானால் துளை சிறிது என்பதைப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஒயிட் பேலன்ஸ் அட்டவணை போட்டேன்: டங்ஸ்டன் 3200 கெல்வின், டேலைட் 5200, மேகமூட்டம் 6000, நிழல் 7000. மனப்பாடம் செய்யச் சொன்னேன். செய்தார்கள். பிறகு பரீட்சையும் வைத்தேன். ‘ஐஎஸ்ஓ என்றால் என்ன? இரண்டு மதிப்பெண்.’ கேமராவைத் தொடாமலேயே கேமராவில் முழு மதிப்பெண் வாங்க முடியும் என்பதை நிரூபித்த பெருமை எனக்கு உண்டு. நீச்சலைத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த கதைதான்.

எனக்குச் சொல்லித்தரத் தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நன்றாகவே தெரியும், அதுதான் இதில் மோசம். இரண்டு பேர் பேசிக்கொள்ளும் காட்சியில் அவர்களுக்கு நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, கேமரா அந்தக் கோட்டைத் தாண்டாமல் ஒரே பக்கம் நிற்க வேண்டும் என்பதை மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டே விளக்கினேன். தாண்டினால் எதிரெதிரே பார்த்துப் பேசியவர்கள் திரையில் ஒரே திசையைப் பார்த்துப் பேசுவார்கள். ஒரு பையன் கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடி, விரல்களால் சட்டம் செய்து பார்த்துவிட்டு, “ஆமா சார், மூஞ்சி மாறிடுது!” என்று கத்தினான். அந்த நேரத்தில் அவன் விரல்களுக்குப் பதில் கேமராவைக் கொடுத்திருக்கலாம். பீரோ ஐம்பதடி தூரத்தில்தான் இருந்தது.

இன்னொரு நாள், ஒன்பதாம் வகுப்பு அறையின் பழைய சோக் டியூப் லைட்டைக் காட்டி, நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் இந்த விளக்கு நொடிக்கு நூறு தடவை மங்கிப் பிரகாசிக்கிறது என்றேன். ஷட்டரை ஐம்பதில் ஒன்று அல்லது நூறில் ஒன்று என்று வைத்தால் அது படத்தில் தெரியாது. வேகத்தைக் கண்டபடி கூட்டினால் திரையில் பட்டை பட்டையாக இருட்டு ஓடும். இயற்பியல் பாடமும் ஆயிற்று, சினிமாவும் ஆயிற்று. அன்று மட்டும் கேமராவை வெளியே எடுத்தேன். என் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பின்பக்கத் திரையில் பட்டை ஓடுவதை வரிசையில் நின்று பார்க்க விட்டேன். ஒருத்தி விரலை நீட்டினாள். “தொடாதம்மா, ஸ்கிராட்ச் ஆயிடும்.”

அவள்தான் பின்னால் ஒளிப்பதிவாளர் ஆனவள்.

‘பதேர் பாஞ்சாலி’யிலிருந்து சில காட்சிகளை ஹைடெக் லேப் புரொஜக்டரில் போட்டுக் காட்டினேன். ரயிலைப் பார்க்க அக்காவும் தம்பியும் நாணல் காட்டுக்குள் ஓடும் இடத்தில் லேபே அமைதியானது. பிறகு எனக்குப் பிடித்த பிரசங்கத்தைத் தொடங்கினேன். 1952-இல் சத்யஜித் ரே அந்தப் படப்பிடிப்பைத் தொடங்கியபோது ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். அதற்கு முன் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் கல்கத்தாவுக்கு வந்து ‘தி ரிவர்’ எடுத்தபோது ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தவர். எந்த விளக்கு எங்கே இருந்தது என்று படம் வரைந்து குறித்துக்கொண்டவர். அந்த வேடிக்கை மட்டுமே முதலீடு. அவரை நம்பி ரே கேமராவைக் கொடுத்தார். அடுத்த படமான ‘அபராஜிதோ’வில் அதே மித்ரா, காசி வீட்டு முற்றத்தை அரங்கமாகப் போட்டபோது, மேலே துணியைக் கட்டி, விளக்கொளியை அதில் பட்டுத் திரும்பி விழ வைத்து, உண்மையான பகல் வெளிச்சம் போலவே செய்துகாட்டினார். “பாத்தீங்களா? முன்னபின்ன தெரியாதவர் கையில குடுத்தாங்க. அதனாலதான் புதுசா ஒண்ணு நடந்துச்சு” என்று முடித்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் சட்டைப் பையில் சாவியைத் தடவிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன்.

போட்டி அறிவிப்பு வந்ததும் கதை சொல்லச் சொன்னேன். அந்தப் பெண் சொன்ன கதை இது. எங்கள் பள்ளி மணி ஒரு தண்டவாளத் துண்டு. அதை அடிக்கிற பையனுக்குக் கைக்கடிகாரம் கிடையாது. அலுவலகக் கடிகாரத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்து அடிப்பான். அவனுக்குப் பிடிக்காத பாடம் நடக்கும்போது மட்டும் மணி கொஞ்சம் முன்னாலேயே அடித்துவிடுகிறது. பள்ளிக்கூடமே சந்தோஷமாக இருக்கிறது, யாருக்கும் காரணம் தெரியவில்லை. ஒரு நாள் கணக்கு வாத்தியார் புதுக் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு வருகிறார். அவ்வளவுதான் கதை.

“இதுல என்னம்மா கருத்து?” என்று கேட்டேன்.

அவளிடம் பதில் இல்லை. போட்டிக்குப் போகிற படத்தில் கருத்து வேண்டும் என்றேன். நானே ஒரு கதை சொன்னேன். தெருக் குழாயில் ஒழுகும் தண்ணீரை ஒரு பெரியவர் தினமும் வந்து மூடுகிறார். செல்போனில் மூழ்கிய சிறுவன் அவரைக் கேலி செய்கிறான். பெரியவர் ஒரு நாள் வரவில்லை. சிறுவன் எழுந்துபோய்க் குழாயை மூடுகிறான். கடைசியில் மரக்கன்று. படத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை; அந்தப் பெயரில் ஏற்கெனவே நிறையக் குறும்படங்கள் இருக்கின்றன. மணிக் கதை எவ்வளவு நல்ல கதை என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் நிராகரித்திருந்தால் அது அறியாமை என்று தப்பித்துக்கொள்ளலாம். எனக்கு அந்த வழி இல்லை.

படப்பிடிப்பில் பிள்ளைகளுக்கு வேலை இல்லாமல் இல்லை. குடை பிடித்தார்கள், கூட்டத்தை விலக்கினார்கள், டீ வாங்கி வந்தார்கள். அந்த கேமராவில் வெளி மைக் மாட்ட இடம் கிடையாது. அதனால் வசனத்தை என் செல்போனில் தனியாகப் பதிவுசெய்தோம். பிறகு ஒலியையும் படத்தையும் பொருத்துவதற்காக ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் ஒருவர் கேமரா முன்னால் கை தட்ட வேண்டும். அதற்குத்தான் போட்டா போட்டி. அந்தத் தட்டலை மட்டும் அவர்களுக்கு விட்டுக்கொடுத்தேன். எடிட்டிங்கில் ஒவ்வொன்றையும் வெட்டி எறிந்தேன். படத்தில் அவர்கள் செய்த ஒரே வேலையும் அப்படிப் போயிற்று.

பரிசளிப்பு விழாவில் நடுவராக வந்திருந்த ஒளிப்பதிவாளர் ஒருவர் அவளை மேடையிலேயே கேட்டார்: “அந்தப் படித்துறை ஷாட், பொழுது சாயற நேரம். நல்லா இருந்துது பாப்பா. ஒயிட் பேலன்ஸ் என்ன வெச்ச?”

எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. “டேலைட் சார். 5200. நிழல்ல வெச்சா இன்னும் மஞ்சளாயிடும். நெஜமா அந்த நேரத்துல படித்துறை அவ்ளோ மஞ்சளா இருக்காது சார்.”

அரங்கம் கைதட்டியது. முதல் மூன்று வாக்கியங்கள் என் நோட்ஸ். கடைசி வாக்கியம் என் நோட்ஸில் இல்லை. குடை பிடித்துக்கொண்டு என் பின்னால் நின்ற நேரத்தில் அவள் படித்துறையைப் பார்த்திருக்கிறாள். நான் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைக் காப்பாற்ற அவள் சொன்ன பொய்க்கு நடுவில் அப்படி ஓர் உண்மை.

திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் கேடயம் அவள் மடியில், கேமராப் பை என் மடியில். பாதி வழியில் கேட்டாள்: “சார், ஒரு தடவ புடிச்சுப் பாக்கட்டுமா?”

“பஸ்ஸு குலுங்குதும்மா. எறங்குனப்புறம் பாத்துக்கலாம்” என்றேன். இறங்கிய பிறகு நான் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

உடைந்துவிடும், தணிக்கையில் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் எனக்கு நானே சொல்லிவந்தேன். பதிவேட்டில் ஏறிய பொருளுக்கு ஆசிரியர் பயப்படுவது நியாயம்தானே என்று சக ஆசிரியர்களும் தலையாட்டினார்கள். ஆனால் அதே கேமராவைச் சனிக்கிழமைகளில் வீட்டுக்கு எடுத்துப்போய், வயல் வரப்பில் சேற்றுக்குள் நின்று கொக்கு எடுத்தேன். அப்போது தணிக்கை நினைவுக்கு வரவில்லை. விஷயம் வேறு. ‘மௌன ராகம்’ பார்த்துவிட்டு, ஒரு வீட்டுக்குள் வெளிச்சத்தை இப்படிக்கூட விழவைக்க முடியுமா என்று தூக்கம் கெட்ட கூட்டத்தில் நானும் ஒருவன். பி.சி. ஸ்ரீராம் படித்த அதே திரைப்படக் கல்லூரிக்கு நானும் விண்ணப்பம் போட்டேன், நேர்முகத்தோடு திரும்பி வந்தேன். பி.எஸ்சி., பி.எட்., கல்யாணம், வேலை. இத்தனை வருஷம் கழித்து என் கையில் ஒரு கேமரா வந்தது, பிள்ளைகளின் பெயரில். அதை அவர்களுக்கு நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. அவர்கள் பெயரைப் போட்டுக்கொண்டு என் முதல் படத்தை எடுத்தேன். அதுவும் நல்ல படமாக வரவில்லை என்பது தனிக் கணக்கு. நாற்பது வருஷமாகச் சினிமா பார்த்தவன் எடுத்ததற்கு மூன்றாம் பரிசு.

பத்தாம் வகுப்பு முடித்து அவள் வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த அன்று நான் எட்டாம் வகுப்பில் இருந்தேன். வெளியே வந்து பேசியிருக்கலாம், வரவில்லை. தலைமையாசிரியரிடம் இன்னும் சொல்லவில்லை. இதை அவர் படிப்பாரா தெரியாது. படித்தால் அலமாரியைத் திறந்து என்ன செய்வார் என்பதும் தெரியாது. கேடயத்தைத் திருப்பிக் கொடுப்பதென்றால் அவள் பெயரையும் சேர்த்துத்தான் இழுக்க வேண்டும் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அது பாதி நிஜம், பாதி சௌகரியம்.

இந்த வருஷம் கேமரா பீரோவில் இல்லை. லென்ஸ் மூடி தொலைந்துபோயிற்று. ஒரு தடவை மேசையிலிருந்து விழுந்து முன்னால் மாட்டியிருந்த ஃபில்டர் உடைந்தது; லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. மணிக் கதையை இப்போதைய ஒன்பதாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறது. யார் கதை என்று சொல்லித்தான் கொடுத்தேன். படத்தின் முதல் அட்டையில் அவள் பெயர் வரும். என் புத்தி ஒரேயடியாக மாறிவிட்டதாகச் சொல்ல முடியாது. முதல் வாரமே ஒரு பையன் ஃபோகஸ் திருகும்போது பொறுக்காமல் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். பிடுங்கிய பிறகுதான் செய்தது தெரிந்தது.

போன வெள்ளிக்கிழமை கணக்கு வகுப்புக் காட்சி. அதே அறை, அதே சோக் டியூப் லைட். பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். திரையில் பட்டை பட்டையாக இருட்டு ஓடிக்கொண்டிருந்தது.

“டேய், ஷட்டர் ஏறிக் கெடக்கு பாரு. அம்பதுல வை.”

“தெரியும் சார். வேணும்னுதான் வெச்சேன்.”

“எதுக்குடா?”

“கணக்குப் பீரியடு எங்களுக்கு இப்டித்தான் சார் தெரியும்.”

அது தொழில்நுட்பப் பிழை, நடுவர்கள் மார்க்கைக் குறைப்பார்கள், மாற்று என்றேன். அவன் மாற்றவில்லை.