பாலுவுக்கு மட்டை கொடுக்கவில்லை

எங்கள் பேட்டையான டெய்ரி ஃபார்மில் மழை விட்டிருக்கும் மாதங்களில் சந்துக்குச் சந்து டென்னிஸ் பந்து கிரிக்கெட். தமிழ், தெலுங்கு, வங்காளி, ராஞ்சிப் பிள்ளைகள் ஒரே அணியில், பேச்சு இந்தியில். ஒரே தண்ணீர் பாட்டில் எல்லார் வாய்க்கும் போகிறது. இந்தப் பிள்ளைகளுக்குச் சுழற்பந்தாளர் பல்வங்கர் பாலுவைத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவே எழுதி வைக்கிறேன்.

*

பாலு பிறந்தது தார்வாடில், 1870களின் நடுவில். சமார் சாதி. வளர்ந்தது பூனாவில். பார்சிகளின் கிரிக்கெட் கிளப்பில் ஆடுகளத்தைப் பெருக்கி, உருளை இழுக்க மாதம் மூன்று ரூபாய். 1892 வாக்கில் வெள்ளைக்காரர்களின் பூனா ஜிம்கானாவுக்கு மாறினார். சம்பளம் நான்கு ரூபாய். அங்கே துரைமார்களின் பயிற்சிக்குப் பந்து போடத் தொடங்கினார். இடக்கைச் சுழல். கேப்டன் கிரெய்க் என்ற பெயர்பெற்ற மட்டையாளர் தன்னை அவுட்டாக்கும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா கொடுத்தாராம். மணிக்கணக்காக, வருடக்கணக்காகப் பந்து போட்டவருக்கு ஒருநாள்கூட மட்டையைக் கொடுக்கவில்லை.

இதில்தான் என் மனம் நிற்கிறது. பந்து போடுவது உடலுழைப்பு, அதைக் கீழே இருப்பவன் செய்யட்டும். மட்டையும் தலைமையும் மேலே இருப்பவர்களுக்கு. வயலிலும் ஆலையிலும் இருந்த வேலைப் பிரிவினை அப்படியே மைதானத்துக்குள் நடந்து வந்துவிட்டது.

*

பூனா இந்துக்களின் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஐரோப்பியர்களைத் தோற்கடிக்க அவருடைய விரல்கள் தேவைப்பட்டன. ஆடுகளத்தில் எல்லாரும் ஒரே பந்தைத் தொட்டார்கள். தேநீர் வேளையில் மற்றவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பை. பாலுவுக்கு வெளியே, குடித்தபின் எறிந்துவிடும் மண் குவளை. சாப்பாட்டுத் தட்டும் தனி. அதே கையால் அவர் திரும்பிப் போய் அவர்களுக்காக விக்கெட் எடுத்தார். எப்படித் தாங்கினார் என்று எனக்கு விளங்கவேயில்லை.

*

1906 பிப்ரவரி, பம்பாய். இந்துக்கள் ஐரோப்பியர்களை 109 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வென்றார்கள். அணியில் பாலுவும் தம்பி சிவராமும். 1911இல் இங்கிலாந்துப் பயணம். பாட்டியாலா மகாராஜா தலைமையில் போன அணி பெரும்பாலும் தோற்றது. பாலு மட்டும் 114 விக்கெட். அப்போது வயது முப்பத்தைந்தைத் தொட்டுவிட்டது. ஊர் திரும்பியவருக்கு ஒடுக்கப்பட்ட மக்கள் வரவேற்பு கொடுத்தார்கள். அந்த வரவேற்பிதழை எழுதியவர் இளைஞரான அம்பேத்கர் என்கிறார் வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா.

*

அதே காலத்து அமெரிக்கா. பேஸ்பாலின் பெரிய லீக்குகளில் 1880களுக்குப் பிறகு கறுப்பினத்தவருக்கு இடமில்லை. அவர்கள் தங்களுக்கென்று லீக் கட்டினார்கள். 1920இல் கான்சஸ் சிட்டியில் ரூப் ஃபாஸ்டர் முன்னின்று தொடங்கியது அதில் முக்கியமானது. பல ஊர்களில் ஓட்டலில் அறை கிடைக்காது, பேருந்திலேயே தூக்கம். 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் அந்தத் தடையை உடைத்து, பெரிய லீக்கின் புரூக்ளின் அணிக்காக இறங்கினார். கறுப்பின லீக்கின் மாபெரும் மட்டையாளர் ஜாஷ் கிப்சன் அந்த ஜனவரியிலேயே, 35 வயதில், இறந்துபோயிருந்தார். இன்னொரு கறுப்பின வீரர் சாட்சல் பெய்ஜுக்குப் பெரிய லீக் வாசல் திறந்தபோது வயது 42. 2024இல்தான் கறுப்பின லீக்குகளின் கணக்குகளைப் பொதுக் கணக்கில் சேர்த்தார்கள். வாழ்நாள் மட்டைச் சராசரியில் கிப்சன் முதலிடத்துக்கு வந்தார்.

நம் நாட்டில் வாசல் பூட்டியிருக்கவில்லை. உள்ளே விட்டு, வெளியே உட்காரவைத்தார்கள்.

*

தலைமைப் பதவி பாலுவுக்குக் கிடைக்கவேயில்லை. 1920இல் மதவாரி அணிகள் மோதிய போட்டியில் இந்து அணிக்கு எம்.டி. பை தலைவர், முதல் ஆட்டத்துக்கு அவர் வர இயலாதபோதும் தலைமையைப் பாலுவுக்குத் தரவில்லை, அணியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். தம்பிகள் விட்டலும் சிவராமும் ஆடமாட்டோம் என்று விலகினார்கள். சாதியை நேரடியாகச் சொல்லியே விலகினார்கள். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய துணிச்சல்! இறுதி ஆட்டத்தில் பாலு திரும்பி வந்தார், துணைத்தலைவராக. பை வேண்டுமென்றே சிறிது நேரம் களத்தை விட்டு வெளியே போய், பாலு அணியை நடத்த வழிவிட்டார். 1923இல் விட்டல் தலைவரானார். கோப்பையை வென்றார்.

*

தமிழ் வாசகருக்கு ஒரு தொடர்பு: ஒடுக்கப்பட்டோருக்கான தொகுதிகள் பற்றிய 1932 செப்டம்பர் 24 பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர், தமிழகத்தின் இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா ஆகியோருடன் பாலுவின் கையெழுத்தும் உண்டு. கூட்டுத் தொகுதி வேண்டும் என்பதில் அவரும் ராஜாவும் ஒரே பக்கம். 1937 பம்பாய்த் தேர்தலில் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிரே நிறுத்தியது. அம்பேத்கர் சுமார் இரண்டாயிரம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பாலு 1955 ஜூலையில் காலமானார். ரஞ்சி, துலீப் என்று அரச குடும்பத்தார் பெயரில் கோப்பைகள் இருக்கின்றன. பாலு பெயரில் ஒன்று வைக்க வேண்டும். சுழற்பந்தாளருக்கான பரிசாக இருந்தாலும் சரி.