பேச்சு நடந்த இடங்கள்

காலை வெட்டு முடிந்து மங்குகளில் ரப்பர் பால் நிறையும்வரை ஓர் இடைவேளை வருமே, உனக்கு நினைவிருக்கும். வெயில் இன்னும் காட்டுக்குள் இறங்கியிருக்காது. தகர டப்பாவில் கொசுவர்த்தி புகைந்துகொண்டிருக்கும். ஒட்டுப்பால் சாக்கிலிருந்து வருகிற வாடைக்கு வெளியாள் மூக்கைப் பொத்துவான். நமக்கு அதுதான் விடிந்ததற்கு அடையாளம். அவரவர் நிரையை விட்டு நாலைந்து பேர் மேட்டில் கூடி, போத்தலில் கொண்டுவந்த வரக்காப்பியை மாற்றி மாற்றிக் குடிப்பார்கள். ரஹாங் பக்கத்தில் நம் தோட்டத்து அரசியல் முழுக்க அந்த மேட்டில்தான் நடந்தது. மஇகா கட்சி, அதன் தலைவர் சாமிவேலு, தொழிற்சங்கம், துரை, கிராணி, சம்பளப் பிடித்தம் என்று எதையும் விடமாட்டார்கள். பள்ளி விடுமுறையில் அம்மாவுக்குப் பால் எடுக்கக் கூடப் போகும் நாமும் ஓரமாக உட்கார்ந்து கேட்போம். தூரத்தில் கங்காணியின் மோட்டார் சத்தம் கேட்டால் பேச்சு மழையைப் பற்றியதாகிவிடும். மோட்டார் கடந்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும். இப்படித்தான் செய்ய வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

சாயங்காலப் பேச்சு வேறு மாதிரி. அது முடிதிருத்தும் கடையில். குட்டிகூரா பவுடர் வாசனை, சவரக் கத்தியைத் தோல்வாரில் தீட்டும் சத்தம், சுவரில் முருகனும் எம்.ஜி.ஆரும். சிரம்பானிலிருந்து கடைசிப் பேருந்தில் வந்து இறங்கும் தமிழ் நேசனை என் பெரியப்பாதான் வாசிப்பார். முதல் பக்கத்தைக் கடைசியாகத்தான் எடுப்பார். முதலில் மரண அறிவித்தல்கள், பிறகு கோயில் திருவிழாச் செய்திகள், பிறகு ரப்பர் விலை. எல்லோருக்கும் மனசு பதமான பிறகே அரசியல். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் கண்ணை மூடிக் கேட்பார்கள். பெரியப்பா ஒரு வரியைத் தாண்டினால், "என்னப்பா, ஏதோ முழுங்குற" என்று பின்னாலிருந்து குரல் வரும். செய்தி கால் மணி நேரம், சண்டை இரண்டு மணி நேரம். இவர் எதிர்க்கட்சிக்காரர், அவர் மஇகா கிளைச் செயலாளர், இருவரும் சம்பந்திகள். எவ்வளவு கத்தினாலும் போகும்போது ஒரே குடையில் போவார்கள். நாளைக்கு அதே முகத்தைப் பெரட்டில் பார்க்க வேண்டும் என்பது கத்துகிற ஒவ்வொருவருக்கும் தெரியும்.

1987 அக்டோபர் மாதக் கடைசியில் ஒரு நாள் அந்தக் கடையில் சத்தமே இல்லை. ஒப்பராசி லாலாங் என்ற பெயரில் நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துப் போன வேட்டை அப்போதுதான் தொடங்கியிருந்தது. தி ஸ்டார், சின் சியூ, வத்தான் ஆகிய மூன்று பத்திரிகைகளின் உரிமமும் பறிபோயிருந்தது. பெரியப்பா அதை வாசித்துவிட்டுப் பேப்பரை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஆண்டுதோறும் உள்துறை அமைச்சின் உரிமம் புதுப்பிக்கப்பட்டால்தான் பத்திரிகை வரும் என்ற காலம் அது. 1984-ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தில் அப்படி எழுதியிருந்தது. ஆசிரியருக்கு மேலே எப்போதும் ஒரு கங்காணி. வீட்டுக்கு வரும் வழியில், "நமக்கு நேசன் வருது இல்ல, அது போதும்" என்றார். அவர் குரலில் நான் அதுவரை கேட்காத ஒன்று இருந்தது.

பாட்டி அதைக் கேட்டுவிட்டுச் சொன்ன பழைய கதையைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று இவ்வளவு தூரம் வந்தேன். போன வாரம் நம் புலனக் குழுவில் நீ எழுதினாய்: தப்புச் செய்யாதவனுக்கு எதற்குப் பயம், யார் எதை எழுதினாலும் அரசாங்கம் பார்க்கட்டுமே, பாதுகாப்புத்தான் முக்கியம் என்று. கீழே இருபது கட்டை விரல்கள் நிமிர்ந்து நின்றன. எனக்குப் பாட்டியின் கட்டை விரல் ஞாபகம் வந்தது.

1948 ஜூனில் அவசரகாலம் அறிவித்தபோது பாட்டி புதுப்பெண். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் படமும் கட்டை விரல் ரேகையும் வைத்த அடையாளக் கார்டு கொடுத்தார்கள். அது இல்லாமல் சடக்கில் கால் வைக்க முடியாது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் ரப்பர் மரத்தடியில் வந்து அதே கார்டைப் பிடுங்கிக் கிழித்துப் போடுவார்களாம். கார்டு இருந்தால் இவர்களுக்குப் பயம், இல்லாவிட்டால் போலீசுக்குப் பயம். பிறகு சிதறிக் கிடந்த லயங்களை ஒரே இடத்தில் சேர்த்து முள்கம்பி போட்டார்கள். சீனர்களைக் கம்போங் பாரு என்ற புதுக் கிராமங்களில் அடைத்தார்கள். விடியற்காலை கேட்டில் நிறுத்தி முந்தானை முடிச்சைக்கூட அவிழ்த்துப் பார்ப்பார்கள். காட்டிலிருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்பதற்காக வெட்டுக்குப் போகிறவர்கள் சாப்பாடு கொண்டுபோகத் தடை. சீனன் கடையில் டின் மீன் வாங்கினால், பதுக்கி வைக்க முடியாதபடி அங்கேயே ஓட்டை போட்டுக் கொடுப்பார்கள். அவசரகாலம் பன்னிரண்டு ஆண்டுகள், 1960 ஜூலை வரை. பாட்டி ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனாலும் சாகும்வரை வாசலில் யாராவது கனமான சப்பாத்துப் போட்டு நடந்தால் அவள் கை இடுப்பிலுள்ள சுருக்குப் பையைத் தேடும்.

சரி, பேச்சு எங்கேயோ போகிறது. நல்ல நாட்களும் இருந்தன, அவற்றையும் சொல்கிறேன்.

1996-இல் பிரதமர் மகாதீர் பல்லூடகப் பெருவழியைத் தொடங்கியபோது, இணையத்தைத் தணிக்கை செய்ய மாட்டோம் என்று உலகத்துக்கு உறுதி கொடுத்தார். 1998-ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டத்திலும் அது எழுத்தில் ஏறியது. முதலீட்டாளர்களுக்காகக் கொடுத்த வாக்கு, நமக்கும் பலித்தது. அந்தப் பெருவழி எந்த மண்மேல் போடப்பட்டது என்று உனக்குத் தெரியும். நம் சின்னம்மாள் குடும்பம் பிராங் பெசார் தோட்டத்தில் இருந்தது. அதோடு காலவே, மேடிங்லி, செட்ஜ்லி தோட்டங்களையும் எடுத்துத்தான் புத்ராஜெயாவைக் கட்டினார்கள். பக்கத்தில் சைபர்ஜெயா. லயத்துச் சனங்களை டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு ஏற்றிவிட்டார்கள். தரை வீடு கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்காக அலைந்தார்கள். சின்னம்மாள் மாடி வீட்டு வராந்தாவில் முருங்கைக் குச்சியைத் தொட்டியில் நட்டு வைத்திருந்தார். இணையச் சுதந்திரம் என்று இன்று யாராவது மேடையில் பேசினால், அந்தச் சுதந்திரத்துக்கு இடம் விட்டுக் கொடுத்தவர்களில் முதல் வரிசை பால்மரம் சீவியவர்கள் என்பதை நான் சொல்லாமல் விடுவதில்லை.

1998 செப்டம்பரில் அன்வாரைத் துணைப் பிரதமர் பதவியிலிருந்து நீக்கினார்களே, அந்த மாதங்களை நினைத்துப் பார். சிரம்பானில் மாடிப்படி ஏறிப் போகிற சைபர் கடை. குளிர்சாதனமும் சிகரெட்டும் மெகி மீயும் கலந்த வாசனை. 1515-ஐச் சுழற்றிவிட்டு மோடம் கீச்சிட்டு, கரகரத்து, கடைசியில் அமைதியாகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்போம். பத்திரிகையில் வராதது எல்லாம் அங்கே இருந்தது. நீதான் பக்கங்களை அச்செடுத்தாய், நான் கீழ்க்கடையில் நகல் எடுத்தேன். சூடு ஆறாத தாள்களைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கடைசிப் பேருந்தில் தோட்டத்துக்குப் போனோம். பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாம் மலாயிலிருந்து சொல்லச் சொல்லத் தமிழில் உரக்க வாசித்தார். முடிதிருத்தும் கடையில் அன்றைக்கு நின்று கேட்டவர்கள்தான் அதிகம். இணையம் நம் தோட்டத்துக்குக் கம்பி வழியாக வரவில்லை, அவர் தொண்டை வழியாகத்தான் வந்தது.

அடுத்த ஆண்டு நவம்பரில் மலேசியாகினி இணையப் பத்திரிகை வந்தது. கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் நம் நாட்டுக்காரர் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருளைக் கணினியில் ஏற்றி, இணைமதி எழுத்துருவில் முதல் தமிழ் மின்னஞ்சலை உனக்கு எழுதினேன். எந்த அமைச்சின் முத்திரையும் இல்லாமல் தமிழில் ஒரு கருத்து ரஹாங்கிலிருந்து ஈப்போவுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தச் சந்தோஷத்தை இன்றைய பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்கு அது குழாயைத் திறந்தால் தண்ணீர்.

2007 நவம்பர் 25, தலைநகரில் ஹிண்ட்ராஃப் பேரணி. குறுஞ்செய்திகள் ஒரு வாரமாகக் கைமாறிக்கொண்டிருந்தன. நீயும் நானும் விடியுமுன் ரயிலேறிப் போனோம். கண்ணீர்ப்புகையில் கண் தெரியாமல் நின்றபோது யாரோ ஓர் அம்மா ஈரத் துண்டைக் கொடுத்தார். டிசம்பரில் ஐந்து பேரை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கமுந்திங் தடுப்பு முகாமில் வைத்தார்கள். மறு ஆண்டு மார்ச் 8-இல் ஆளுங்கட்சி மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையை இழந்த இரவு, நம் ஆட்கள் சடக்கில் நின்று அழுதார்கள். பேசினால் நடக்கும் என்று நம் சனம் நம்பிய இரவு அது.

பெரியப்பா அதைப் பார்க்க இல்லை. தோட்டமும் அதற்குள் துண்டு போட்டு விற்பனையாகியிருந்தது. வரக்காப்பி குடித்த மேடு இப்போது தாமானில் மூன்றாவது வரிசை வீடுகள், ஒவ்வொரு வாசலிலும் இரும்பு கேட், கேட்டுக்கு மேல் கேமரா. முடிதிருத்தும் கடை இருந்த இடத்தில் கைப்பேசி பழுது பார்க்கிறார்கள். ஆட்கள் செனவாங், நீலாய், கிள்ளான், ஜொகூர் என்று சிதறிவிட்டார்கள். எல்லோரும் புலனக் குழுவில் இருக்கிறோம். காலையில் ரோஜாப்பூவும் வணக்கமும் வருகின்றன. யாராவது அரசியல் எழுதினால், "அட்மின், இதை நீக்குங்கள், பிரச்சினை வரும்" என்று உடனே ஒருவர் எழுதுகிறார். மோட்டார் சத்தம் கேட்காமலே மழையைப் பற்றிப் பேசுகிறோம். பழைய பேச்சுக்குத் திரும்புவதும் இல்லை.

நீ சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. போலீஸ் என்று சொல்லி அழைத்தவன் பேச்சை நம்பி நம் அத்தை சேமநிதிப் பணத்தைத் தொலைத்துவிட்டு, இரண்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்தாரே, அதை நினைத்தால் எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் அவனுக்கு அத்தையின் எண்ணும் பெயரும் எங்கிருந்து கிடைத்தன? 2017-இல் இந்த நாட்டில் 4 கோடி 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரம் கசிந்து விற்பனைக்கு வந்தது. நாட்டின் மக்கள் தொகையைவிடப் பெரிய எண். அடையாளத்தைக் கொடு என்று கேட்டு வாங்கியவர்களிடமிருந்து போனது அது. பாட்டி கார்டைச் சுருக்குப் பையிலாவது பத்திரமாக வைத்திருந்தாள். பூட்டை அங்கே போடு என்றுதான் நான் சொல்கிறேன், வாயில் போடாதே.

2025 ஜனவரி முதல், இங்கே எண்பது லட்சம் பேருக்கு மேல் பயன்படுத்தும் சமூக ஊடகத்துக்கு உரிமம் வேண்டும் என்றார்கள். நீ நல்லது என்றாய். உரிமம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பெரியப்பா பேப்பரை நாலாக மடித்ததுதான் கண்ணில் வருகிறது. 2021 பிப்ரவரி 19 உனக்கு மறந்துவிட்டதா? வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக மலேசியாகினிக்குக் கூட்டரசு நீதிமன்றம் ஐந்து லட்சம் வெள்ளி அபராதம் போட்டது. நம் தோட்டத்தில் கடையில் உட்கார்ந்தவன் பேசியதற்குக் கடைக்காரர் தண்டம் கட்டியதாக ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றைக்கே சில மணி நேரத்தில் வாசகர்கள் பத்தும் ஐம்பதுமாகப் போட்டு அந்தத் தொகையை நிரப்பினார்கள். நீயும் அனுப்பினாய். எனக்குத் தெரியும், ரசீதை எனக்குக் காட்டினாய்.

அந்த நீ எங்கே போனாய் என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகள் வளர்ந்த பிறகு பயம் வேறு வாசல் வழியாக வருகிறது, எனக்கும் வருகிறது. ஆனால் திரையில் எழுதினால் நீ யாருக்குச் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. உன் முகம் தெரியாமல் உன்னோடு சண்டை போட எனக்குப் பழக்கமில்லை.

தீபாவளிக்குச் சிரம்பான் வருவாய்தானே. ரஹாங் சந்தியில் நம் நாசி கண்டார் கடை இன்னும் இருக்கிறது, தே தாரே இன்னும் நன்றாகவே ஆற்றுகிறார்கள். உரிமச் சட்டம் வேண்டும் என்பதற்கு உன்னிடம் உள்ள காரணம் அத்தனையையும் கொண்டு வா. வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். குழுவில் எழுதாதே, வந்து உட்கார்ந்து சொல்.