தவணை கடந்த வீடு

சொத்துடைமையின் கொடுமையைப் பற்றி முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் பேசிய நாம், வீட்டுச் சொந்தக்காரராய் நடந்துகொண்ட விதத்தை ஒளிக்காமல் எழுதுகிறோம்.

யாழ் நகரின் ஓரத்தில், நம் துணைவியாரின் சீதனமாக வந்த சிறு வீட்டில் லொறிச் சாரதி ஒருவர் குடும்பத்தோடு வாடகைக்கிருந்தார். கொழும்பில் மகனோடு தங்கியிருந்த நாம், ஓய்வுக்காலத்தை ஊரிலே கழிக்க எண்ணி, மார்கழி முடிவில் வீட்டை விடுமாறு ஆறு மாதத்துக்கு முன்பே கடிதம் எழுதினோம். அவரும் சம்மதித்தார். தை பிறந்தது, அவர் போகவில்லை.

"மின்சாரத்தை வெட்டுங்கள். அவர்கள் கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து வேறு பூட்டுப் போடுங்கள்" என்றார் உறவினர் ஒருவர். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்: அந்த யோசனை நமக்கும் இனித்தது. பூட்டும் வாங்கிவிட்டோம்.

சட்டத்தரணி ஒருவரே நம்மைத் தடுத்தார். தவணை கடந்தாலும் வழக்காடித்தான் ஒருவரை வெளியேற்றலாம். பலவந்தமாய் வெளியேற்றினால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்கீழ், இரண்டு மாதத்துக்குள் விடயம் ஆரம்ப நீதிமன்றத்துக்குச் சென்றால் அவர் மீண்டும் உள்ளே வரலாம் என்றார். வீட்டுக்காரரின் கோபத்துக்குக் குடியிருப்போர் பலியாகாதிருக்கவே 1948இலும் 1972இலும் வாடகைச் சட்டங்கள் பிறந்தன. அவற்றை மேடையில் புகழ்ந்தவர்களும் நாமே!

நேரில் போனோம். விறாந்தையில் மூத்த மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

"சேர், மூன்று வீடு பார்த்துவிட்டேன். எல்லாரும் ஒரு வருட வாடகையை முற்பணமாகக் கேட்கிறார்கள். உங்களிடம் கிடக்கும் என் முற்பணத்தைத் தந்தால் அதைக் கொண்டு ஒரு வீடு பிடிப்பேன்" என்றார் சாரதி.

நாம் வாயடைத்து நின்றோம். அந்தப் பணத்தை ஓடு மாற்றவும் கிணறு திருத்தவும் எப்போதோ செலவழித்திருந்தோம். அவர் நம் வீட்டை வைத்திருந்தார். நாம் அவருடைய பணத்தை வைத்திருந்தோம். தவணை தவறியவர் அவர் மட்டுமா?

அன்றே ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட்டோம். முற்பணத்தில் பாதி அந்த வாரமே. மீதி, திறப்பைக் கையளிக்கும்போது. மகளின் பரீட்சை முடியும்வரை பழைய வாடகையே. அதற்குப் பற்றுச்சீட்டும் உண்டு. பிணக்கு எழுந்தால் மத்தியஸ்த சபைக்குப் போவது. கடன்பட்டே முதற் பாதியைக் கொடுத்தோம். பரீட்சை முடிந்த மறுவாரம் திறப்பு வந்தது. வீடு கழுவித் துடைத்திருந்தது.

வாடகைக்கு வீடு கொடுக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வோம்: முற்பணம் நமதன்று, அதைத் தொடாமல் வையுங்கள். தவணை கடந்தால் பூட்டைத் தேடுமுன் காரணத்தைக் கேளுங்கள். ஆனால் தனிமனிதரின் நல்ல மனத்தோடு இது தீர்ந்துவிடாது. நாட்கூலியில் வாழ்பவன் ஒரு வருட வாடகையை ஒரே நாளில் எண்ணி வைக்கவேண்டிய நிலை நீடிக்கும்வரை, தவணை கடந்த வீடுகளும் இருக்கவே செய்யும்.