புறாக்கூடும் கோபுரமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சூழ்ந்த தீவுகளுள் தொலைவிற் கிடப்பது நெடுந்தீவு. குறிகட்டுவான் துறையிலிருந்து அங்கு செல்ல ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம் வேண்டும். தீவின் வைத்தியசாலைக்கு அண்மையில், ஒல்லாந்தர் காலத்ததெனக் கூறப்படும் புறாக்கூடு ஒன்று இன்றும் நிற்கின்றது. அதன் மாடங்களில் வளர்ந்த புறாக்கள் கடல் கடந்து செய்தி சுமந்தன என்பது ஊரார் வாய்மொழி. இன்று அப்பணியைத் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் ஆற்றுகின்றன. செய்தி சுமந்த புறாவுக்கு எவரும் அஞ்சியதில்லை. செய்தி சுமக்கும் அலைக்கோ அஞ்சுவார் பலர்.

அத்தீவின் மூதாட்டி ஒருவரின் கதை இவ்வச்சத்தின் இயல்பை விளக்கும். அவருடைய மகன் ரொறன்ரோவில் இரவு வேலை செய்பவன். வேலை முடிந்து அவன் காரில் வீடு திரும்பும் காலைப்பொழுது, நெடுந்தீவில் மாலைப்பொழுது. நாள்தோறும் அவ்வேளையில் தாயும் மகனும் அரை மணி நேரம் உரையாடுவர். கைத்தொலைபேசியின் கதிர் மூளையைத் தாக்கும் என எவரோ கூறக் கேட்ட நாள்முதல் மூதாட்டி இரண்டொரு வார்த்தையுடன் பேச்சை நிறுத்தலானார். விடுமுறைக்கு வந்திருந்த பல்கலைக்கழக மாணவியான பேத்தி இதனைக் கண்டு வினவினாள்.

“ஏன் அம்மம்மா, மாமா எடுத்த உடனையே வைக்கிறியள்?”

“உது மூளையைத் தின்னுமாம், பிள்ளை. எனக்கெண்டால் வயது போட்டுது. அவனுக்கு ஒண்டும் வரக்கூடாதெல்லே?”

இவ்வச்சம் அறியாமையின் விளைவென இகழத்தக்கதன்று. 2018 இல் வெளிவந்த ‘2.0’ திரைப்படம் கோபுர அலைகளாற் பறவைகள் மாள்வதாகக் காட்டியது. 2019 இல் யாழ்ப்பாண நகரில் நாட்டப்பட்ட ‘ஸ்மார்ட்’ விளக்குக் கம்பங்களை, 5ஜி கோபுரங்கள் என ஐயுற்று மக்கள் எதிர்த்தனர். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகமே 2011 இல் இவ்வலைகளை ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ எனும் 2பி பிரிவிற் சேர்த்தது. ஆயின் அப்பிரிவு ஆபத்தின் அளவைக் குறிப்பதன்று. சான்று வரையறைக்குட்பட்டது, ஐயம் முற்றாக நீங்கவில்லை என்பதையே குறிப்பது.

கதிர் என்னும் ஒரே சொல் இருவேறு பொருள்களைச் சுட்டுவதே குழப்பத்தின் வேர் எனலாம். எக்ஸ் கதிர் அணுவிலிருந்து இலத்திரனை வெளியேற்றி, உயிரணுவின் மரபுப்பொருளைச் சிதைக்க வல்லது. கைத்தொலைபேசியின் அலைக்கு அவ்வலிமை இல்லை. அதன் ஒவ்வொரு சக்திச்சொட்டும், குப்பிவிளக்கு ஒளியின் சக்திச்சொட்டினும் ஓரிலட்சம் மடங்கு நலிந்தது. அது திசுவைச் சற்றே வெப்பமாக்கும். அதனாலேயே தலைக்குக் கிலோகிராமுக்கு 2 வாற்று என்னும் எல்லையைச் சர்வதேச நெறிமுறை வகுத்துள்ளது. நெடுநேரம் பேசுங்காற் காது சுடுவது பெரும்பாலும் கருவியின் மின்கலமும் மின்சுற்றும் வெளிவிடும் வெப்பத்தினாலாகும்.

மூளையில் எவ்வித மாறுதலும் நிகழாதெனவும் கூறவியலாது. 2011 இல் அமெரிக்காவில் 47 பேரிடம் செய்த ஆய்வில், 50 நிமிட அழைப்பின்போது அலைவாங்கிக்கு அண்மையிலுள்ள மூளைப்பகுதியின் குளுக்கோசுப் பயன்பாடு ஏறத்தாழ 7 சதவீதம் உயர்ந்தது. அது மாறுதலைக் காட்டியதேயன்றித் தீங்கைக் காட்டவில்லை. 2010 இல் வெளியான பதின்மூன்று நாடுகளின் கூட்டாய்வில், 1640 மணி நேரமோ அதற்கு மேலோ பேசியோரிடம் ஒருவகை மூளைக்கட்டி சற்று மிகுந்து தோன்றியது. பத்தாண்டுகள் நாளொன்றுக்கு அரை மணி நேரம் பேசுவதற்கு ஏறத்தாழ ஈடான அளவு இது. மூதாட்டியின் வழக்கமும் அதுவே. ஆயினும், நோயுற்றோர் தம் பழைய பழக்கத்தை நினைந்து கூறுவதில் நேரும் பிழையால் அம்முடிபு உறுதி பெறவில்லை. பின்னர், 22 நாடுகளைச் சார்ந்த 63 ஆய்வுக்கட்டுரைகளைத் திரட்டி நோக்கிய 2024 ஆம் ஆண்டின் மதிப்பாய்வு, பத்தாண்டுக்கு மேற்பட்ட பாவனையிலும் மூளைப்புற்று மிகுந்ததற்குச் சான்றில்லை எனக் கண்டது.

இங்கு நகைப்புக்குரிய முரண் ஒன்றும் உளது. கோபுரம் தொலைவிலிருந்தால் கைத்தொலைபேசி தன் வலுவைக் கூட்டிக் கூவும். அண்மையிலிருந்தால் மெல்லப் பேசும். ஆதலின் நடுக்கடலிற் செல்லும் படகில், அலை நலிந்தவிடத்துக் கருவியைக் காதோடணைத்துப் பேசுபவரே கூடுதலான அலையை ஏற்கின்றார். கோபுரத்தை ஊரைவிட்டு அகற்றுவோர், தம் தலையருகே உள்ள கருவியை உரத்துக் கூவச் செய்கின்றனர். ஒலிபெருக்கியை இயக்கிக் கருவியை மேசைமேல் வைத்துப் பேசினாற் தலை ஏற்கும் அலை மிகச் சிறிதாகிவிடும்.

அங்ஙனமாயின் கைத்தொலைபேசி தீங்கற்றதோ? அன்று. அது மூளையைத் தாக்கும் வழி வேறு. நள்ளிரவுவரை ஒளித்திரையை நோக்குவோரின் உறக்கம் குலைகின்றது. குனிந்தே இருப்போரின் கழுத்து நோகின்றது. கற்போரின் கவனம் துண்டுதுண்டாகின்றது. இவையனைத்தினும் கொடியது வீதியில் நிகழ்வது. 1997 இல் வெளியான ஆய்வொன்றில், அதே ரொறன்ரோ நகரில் விபத்துக்குள்ளான 699 சாரதிகளின் அழைப்புப் பதிவுகளை ஆராய்ந்தனர். பேசிக்கொண்டு வாகனம் ஓட்டுகையில் மோதும் அபாயம் ஏறத்தாழ நான்கு மடங்காகும் எனக் கண்டனர். கருவியைக் கையில் ஏந்தாது பேசியோருக்கும் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. ஒன்ராறியோ மாகாணம் 2009 ஒக்ரோபரில் கையிலேந்திப் பேசுவதைத் தடைசெய்தது. கையைத் தடுக்கச் சட்டத்தால் இயலும். பிளவுபட்ட கவனத்தை ஒன்றுசேர்க்க இயலுமோ?

தாய் அஞ்சியது தவறன்று; அஞ்சிய பொருளே தவறு. மகனுக்குத் தீங்கு வருமாயின் அது அலையில் ஏறி வருவதன்று. இரவெல்லாம் விழித்த கண்களோடு வாகனம் ஓட்டுபவன், நெடுந்தீவின் முற்றத்தை நெஞ்சிற் காணும் அக்கணத்தில் வருவது.

பேத்தி இவற்றைத் தன்னாலியன்ற எளிய மொழியில் எடுத்துரைத்தாள். மூதாட்டி மறுமொழி கூறவில்லை. மறுநாள் மாலை தொலைபேசி ஒலித்தது. வழமைபோல் மகனின் சுகத்தை விசாரிக்கு முன்னரே அவர் கேட்டார்:

“தம்பி, கார் ஓடிக்கொண்டே கதைக்கிறாய்? முதல்ல ஓரமா நிப்பாட்டு. நான் வைக்கமாட்டன், ஆறுதலாக் கதைப்பம்.”