அம்மாவின் அமெரிக்க டாலர்

நியூஜெர்சியிலிருந்து வந்திருந்த என் தம்பி, அம்மாவின் கையில் ஒரு வெள்ளி வட்டத்தை வைத்தான். கோதுமைக் கதிரும் பருத்தியும் தலையில் சூடிய ஒரு பெண்ணின் முகம், சுருள் சுருளான கூந்தல். "1878-இல் வந்த டாலர் மாதிரிம்மா" என்றான்.

'மாதிரி' என்ற வார்த்தை அம்மாவின் காதில் விழவில்லை. மறுநாளே மாடி வீட்டு மாமி முதல் பால்காரர் வரை 'நூற்றைம்பது வருஷத்து டாலரை' தரிசித்தாகிவிட்டது.

பத்திரிகையில் உத்தியோகம் பார்ப்பவளுக்குச் சும்மா இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்! பூதக்கண்ணாடியை எடுத்தேன். நாட்டின் பெயர் இல்லை, மதிப்பு இல்லை. 'ஒரு டிராய் அவுன்ஸ், 999 சுத்த வெள்ளி' என்று மட்டும் இருந்தது. அதாவது 31.1 கிராம். தனியார் கம்பெனிகள் அடித்து விற்கும் இதை அங்கே 'ரவுண்டு' என்கிறார்கள். பணமாக நீட்டினால் யாரும் வாங்கிக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள் அல்ல. ஆனால் வெள்ளி அசல்தான். நிஜ டாலரிலேயே நூற்றுக்குத் தொண்ணூறு பங்குதானே வெள்ளி!

அந்த முகத்துக்குரியவள் அன்னா வில்லியம்ஸ் என்ற பிலடெல்பியா பள்ளி ஆசிரியை. சிற்பி ஜார்ஜ் மார்கனுக்கு எதிரில் உட்காரத் தயங்கித்தான் சம்மதித்தாளாம். பெயர் வெளியாகிவிட்டது, அப்புறம் கடிதங்களும் விருந்தாளிகளும் அவளைப் பாடாய்ப் படுத்தின. பாவம்.

விஷயத்தைச் சொன்னதும் அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. "மாமியிடம் எந்த முகத்தோடு பேசுவேன்?" என்றாள்.

சமாதானமாக இருக்கட்டுமே என்று மிச்சக் கதையையும் சொன்னேன். முதல் உலக யுத்தத்தின்போது நம் ஜனங்கள் நோட்டுக்குப் பதில் வெள்ளி ரூபாய் கேட்டு முண்டியடித்தார்கள். சர்க்காரிடம் வெள்ளி தட்டுப்பாடு. அமெரிக்கா 1918-இல் பிட்மன் சட்டம் போட்டு, 27 கோடிக்கு மேற்பட்ட டாலர்களை உருக்கியது. அந்த வெள்ளியில் பெரும் பகுதி பிரிட்டனுக்கு விற்கப்பட்டு, நம் ஊர் ரூபாய்களாயிற்று.

அம்மா பேசாமல் எழுந்து போய், பூஜைப் பெட்டியிலிருந்து பாட்டியின் ஜார்ஜ் ராஜா ரூபாயைக் கொண்டுவந்தாள். வருஷம் 1919.

"இதற்குள் அந்த டீச்சரம்மா இருப்பாளோ?"

"இருக்கலாம்" என்றேன்.

சாயங்காலம் மாடிப்படியில் அம்மாவின் குரல் கேட்டது. "அது வெறும் மாதிரிதான், மாமி. அசல் டாலர் எங்கம்மாவோட ரூபாய்க்குள்ளே இருக்கு!"

'இருக்கலாம்' என்று சொல்லும்படி எவ்வளவோ ஜாடை காட்டினேன். அதுவும் காதில் விழவில்லை.