32 கற்கள்

அக்கா பொண்ணு மூன்றாம் வகுப்பு. அரையாண்டு லீவுக்கு ஹவாய் பற்றி ஒரு ப்ராஜெக்ட். காகித மாலை, வைக்கோல் பாவாடை செய்து வரணுமாம். எனக்கு மனசு ஆறலை. பசிபிக் பெருங்கடலையே அளந்தவர்களைப் பாவாடையோடு முடிச்சுடறதா?

மொட்டை மாடியில் 32 கற்களை வட்டமாக வைத்தோம். ஹவாய் மாலுமிகளின் நட்சத்திரத் திசைகாட்டியில் தொடுவானம் 32 வீடுகள். கிழக்கு ஹிகினா, மேற்கு கொமொஹானா. நடுவில் ஒரு பாய், அதுதான் படகு.

1976-ல் ஹோகுலேயா என்ற இரட்டைப் படகு, கருவி எதுவும் இல்லாமல் ஹவாயிலிருந்து டஹீட்டிக்குப் போனது. கிட்டத்தட்ட 4000 கிலோமீட்டர்! ஆனால் வழிகாட்ட ஹவாயில் ஆள் மிச்சமில்லை. மைக்ரோனேசியாவின் சட்டாவல் தீவிலிருந்து மாவ் பியாய்லுக் வந்தார், சின்ன வயதில் தாத்தாவிடம் கற்றவர். இந்த 32 வீட்டு வட்டம், அவரிடம் பாடம் கேட்ட நைனோவா தாம்சன் பிறகு அமைத்தது.

ஏழு மணிக்கு ஓரியனின் மூன்று நட்சத்திரங்கள் ஹிகினா கல்லுக்கு மேலே வரும் என்று பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன். வந்தது மேகம். (நம்ம ராசி அப்படி!)

"மேகம் வந்தா அவங்க என்ன மாமா பண்ணுவாங்க?"

படகில் படுத்துக்கொண்டு, அலை எந்தப் பக்கமிருந்து தூக்குகிறது என்று உடம்பாலேயே கண்டுபிடிப்பார்கள் என்றேன். உடனே பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் ஓரத்தைத் தூக்கித் தூக்கி ஆட்டினேன். இரண்டு தடவை தப்பு. மூன்றாவது தடவை கண்ணைத் திறக்காமலே கத்தினாள்: "ஹிகினா!"

மாலையும் பாவாடையும் இன்னும் செய்யலை. திங்கட்கிழமை ஸ்கூல்.