அதிகாலை மூன்று மணி



2000 ஏப்ரல் 7 அன்று, தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணித்தலைவர் ஹன்சி குரோனியே சூதாட்டத் தரகரோடு பேரம் பேசியதாக டெல்லி காவல்துறை அறிவித்தது. அவரோ தம் விசுவாசத்தை யாவரும் அறிய அறிக்கையிட்டவர். செய்தியாளர்கள் முன் முற்றிலும் மறுத்தார், பலரும் நம்பினர். ஏப்ரல் 11 அதிகாலை 3 மணியளவில், தமக்காகப் பரிந்து பேசியிருந்த வாரிய நிர்வாகி அலி பாக்கரைத் தொலைபேசியில் அழைத்து, தாம் உண்மை உரைக்கவில்லை என்றார். அதுவும் பாதி உண்மையே. மீதி, ஜூன் மாத விசாரணையில்தான் வெளிவந்தது. ஆயுட்காலத் தடை விதிக்கப்பட்டது. 2002இல், 32ஆம் வயதில், விமான விபத்தில் மரித்தார்.

அமெரிக்க பேஸ்பால் வீரர் பீட் ரோஸ், 1989இல் தடைசெய்யப்பட்டும், தாம் பேஸ்பால்மேல் பந்தயம் கட்டவில்லை என்றே 2004 வரை சாதித்தார். ஏறக்குறைய 15 ஆண்டுகள், ஒலிவாங்கி நீளும்போதெல்லாம் அதே பொய்யைக் காத்து நிற்க வேண்டியதாயிற்று. அந்தக் களைப்பை எண்ணிப் பாருங்கள்.

குரோனியேயின் குற்றத்தை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் கேமராக்களின் நடுவே வராத சொல், இருளில் ஒரே மனிதரிடம் வந்ததே! அந்நேரத்தில் அழைக்க உங்களுக்கு ஒருவர் உண்டா? இல்லையெனில், என் எண் சபை அறிவிப்புத்தாளில் இருக்கிறது. நேரம் பார்க்க வேண்டாம்.